வீட்ல இருக்கறவங்களுக்கு கட்டற்ற மென்பொருள் போட்டுக் கொடுக்கறது எப்படி

நீங்க ஏற்கனவே லினக்ஸ் (விண்டோஸுக்கு பதிலா போடற ஓஎஸ்), லிப்ரெஆஃபீஸ் (வேர்டு, எக்ஸெலுக்கு பதிலா)னு கட்டற்ற மென்பொருள்ல, அதாவது யார் வேணும்னாலும் பயன்படுத்தி, மாத்தி, பகிர்ந்துக்கக் கூடிய மென்பொருள்ல பழகிட்டீங்க, இப்ப அம்மாவுக்கோ மாமாவுக்கோ பக்கத்து வீட்டு அக்காவுக்கோ அதையே போட்டுக் கொடுக்கணும்னு நினைக்கறீங்கன்னா இது உங்களுக்குத்தான். கம்ப்யூட்டர்ங்கறது அவங்களுக்கு ஒரு சாமான், அவ்வளவுதான். வேல முடிஞ்சா மூடி வச்சிடுவாங்க. அப்படிப்பட்டவங்க கையில இத எப்படிக் கொடுத்தா அவங்க தொடர்ந்து வச்சுக்குவாங்கங்கறத மட்டும் சொல்றேன்.

மொதல்ல நான் பண்ண தப்ப சொல்லிடறேன். அத்தையோட லேப்டாப்ல ஒரே சாயங்காலத்துல விண்டோஸ அழிச்சு லினக்ஸ் போட்டு, ஆஃபீஸ், பிரவுசர், ஃபோட்டோ பாக்கறதுன்னு எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டு வந்துட்டேன். ரெண்டு வாரம் தினமும் ஃபோன். மூணாவது வாரம் யாரையோ கூப்பிட்டு பழசையே போட்டுக்கிட்டாங்க, எங்கிட்ட சொல்லவும் இல்ல. ரொம்ப நாள் கழிச்சு கேட்டப்ப, "ஏம்பா, எனக்கு ஒண்ணும் அதுமேல கோவம் இல்ல, எது எங்க இருக்குன்னு கைக்குத் தெரியலப்பா"ன்னாங்க. பத்து வருஷமா கை தானா போய்ட்டிருந்த இடமெல்லாம் ஒரே நாள்ல காணாமப் போனா யாருக்குமே அப்படித்தான் இருக்கும். அதனால மொத விதி: ஆப்ஸ மொதல்ல மாத்துங்க, ஒண்ணொண்ணா. ஓஎஸ்ஸ மாத்தறது கடைசி.

அதுக்கும் முன்னாடி ஒரு அரமணி நேரம் அவங்க கம்ப்யூட்டர்ல என்ன பண்றாங்கன்னு பக்கத்துல உக்காந்து பாருங்க. எழுதி வைக்கறப்ப "ஆஃபீஸ் சூட் வேணும்"னு எழுதாதீங்க, வேலைய எழுதுங்க. லெட்டர் அடிச்சு பிரிண்ட் எடுக்கறது, ஃபோட்டோவ சின்னதாக்கி அப்ளிகேஷன்ல ஏத்தறது, பேங்க் சைட்டு, வீடியோ கால், ஃபோன்ல இருந்து படம் இறக்கறது, இப்படி. ரொம்ப பேருக்கு அந்த லிஸ்ட் பத்து வரிக்கு மேல போகாது. அந்த லிஸ்ட்லயே முட்டுக்கட்ட எதுன்னும் தெரிஞ்சிடும். டிஜிட்டல் கையெழுத்துக்கு யுஎஸ்பி டோக்கன் வச்சிருக்காங்க, அதோட டிரைவர் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடுது, இல்ல வேலைக்கு ஃபோட்டோஷாப் ஃபைல்தான் வந்து போகுது, இல்ல பையன் விளையாடற ஆன்லைன் கேம்ல ஆன்டி-சீட் (ஏமாத்து வேலயத் தடுக்கற புரோகிராம்) லினக்ஸ விடாதுன்னா, அந்த மெஷின்ல விண்டோஸ் இருக்கட்டும். அதுமேலயே கட்டற்ற ஆப்ஸ போட்டுக் கொடுங்க. அதுல ஒண்ணும் குறைஞ்சிடாது.

எந்த வரிசைல போடறதுங்கறது முக்கியம். நான் எப்பவும் வீடியோ பாக்கற விஎல்சிலதான் ஆரம்பிப்பேன், ஏன்னா அதுல கத்துக்கறதுக்கு எதுவுமே இல்ல. 1996ல பாரிஸ்ல ஒரு காலேஜ் பசங்க அவங்க கேம்பஸ் நெட்வொர்க்ல வீடியோ பாக்கறதுக்காக ஆரம்பிச்ச வேல அது, 2001ல ஜிபிஎல்ங்கற கட்டற்ற லைசென்ஸ்ல வெளிய விட்டாங்க. ஃபைல டபுள் கிளிக் பண்ணா ஓடுது, வீடியோவ ஓட்ட தனியா கோடெக் போடுன்னு கேக்கறதில்ல, விளம்பரம் கிடையாது. அவங்க கேக்காமயே "இது நல்லாருக்கே"ன்னு சொல்லிட்டா அடுத்தது போடறதுக்கு கதவு திறந்த மாதிரி.

அடுத்தது ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர். இதுல ஒண்ண மட்டும் மறக்காதீங்க: பழைய பிரவுசர்ல இருக்கற புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாத்தையும் இம்போர்ட் பண்ணிட்டு, அவங்க தினமும் போற நாலு சைட்டுல நீங்க கூடவே இருந்து லாகின் பண்ண வச்சிட்டு அப்புறம்தான் கிளம்பணும். விளம்பரத்தத் தடுக்கற யூபிளாக் ஆரிஜின் ஆட்-ஆன் போட்டுடுங்க, பொய்யான "டவுன்லோட்" பட்டன்ல அவங்க மாட்டறது பாதி அங்கயே நின்னுடும். ஆப் இறக்கறப்ப தேடி வர்ற மொத ரிசல்ட்ட நம்பாதீங்க, அது பெரும்பாலும் விளம்பரம். அந்தந்த புராஜெக்ட்டோட சொந்த சைட்டுக்கே போங்க, அதையே புக்மார்க்கும் பண்ணி வச்சுக் கொடுங்க.

லிப்ரெஆஃபீஸ்லதான் நெறைய பேர் விழறாங்க, அதனால இங்க கொஞ்சம் நின்னு பேசலாம்.

பிரச்சன எப்படி வருதுன்னா, அவங்க லெட்டர் அடிச்சு சேவ் பண்றாங்க, அது ஓடிடி (.odt) ஃபைலா, அதாவது லிப்ரெஆஃபீஸ் இயல்பா சேவ் பண்ற ஓடிஎஃப் வகை ஃபைலா போய் உக்காருது. அத மெயில்ல ஒரு ஆபீஸுக்கு அனுப்பறாங்க, "உங்க ஃபைல் திறக்கல"ன்னு பதில் வருது. ஓடிஎஃப்ங்கறது 2006லயே ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டு ஆன ஃபார்மட், வேர்டே அத திறக்கும், அதெல்லாம் உண்மைதான், ஆனா கவுண்டர்ல நிக்கற ஆளுகிட்ட அவங்க அதப் போய் வாதாட முடியாது இல்லயா. அவமானமாப் போய்டும். அதனால இன்ஸ்டால் பண்ண அன்னிக்கே டூல்ஸ் மெனுல ஆப்ஷன்ஸ் போய், லோடு/சேவ், அதுல ஜெனரல்னு ஒரு பக்கம் இருக்கும், அங்க டெக்ஸ்ட் டாக்குமென்ட்டுக்கு எப்பவும் வேர்டு ஃபார்மட்டாவே சேவ் பண்ணுன்னு மாத்துங்க, ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு எக்ஸெல். அதே பக்கத்துல ஓடிஎஃப் அல்லாத ஃபார்மட்ல சேவ் பண்ணா எச்சரிக்கை காட்டுன்னு ஒரு டிக் இருக்கும், அதையும் எடுத்துடுங்க, இல்லன்னா ஒவ்வொரு தடவையும் ஒரு பெட்டி வந்து பயமுறுத்தும். கொள்கைப்படி ஓடிஎஃப்தான் வேணும்னு நெனக்கறவங்க உங்க மெஷின்ல வச்சுக்கோங்க, அவங்களுக்கு முடிவு அவங்க வேலைய வச்சுத்தான்.

இன்னொண்ணு ஃபான்ட். "இதுல திறந்தா எல்லாம் கலைஞ்சு போகுது, ஒரு பக்க லெட்டர் ஒண்ணே கால் பக்கம் ஆயிடுது"ன்னு சொல்றவங்கள்ல பாதி பேருக்கு குத்தம் ஆஃபீஸ்ல இல்ல, ஃபான்ட்ல இருக்கு. காலிப்ரியும் கேம்ப்ரியாவும் மைக்ரோசாஃப்ட்டோட ஃபான்ட், லினக்ஸோட சேந்து வராது, அதுக்கு பதிலா வேற ஏதோ ஒண்ணு வந்து உக்காந்தா எழுத்தோட அகலம் மாறி வரி தள்ளிடும். அந்த அகலத்துலயே அச்சு அசலா செஞ்ச கட்டற்ற ஃபான்ட் இருக்கு: காலிப்ரிக்கு கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு கலாடியா, ஏரியலுக்கு லிபரேஷன் சான்ஸ், டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப். இந்த நாலும் மெஷின்ல இருக்கான்னு பாத்துட்டீங்கன்னா சாதாரண லெட்டர், ரெஸ்யூமெல்லாம் கிட்டத்தட்ட அப்படியே வரும். அப்பவும் டேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ்னு சிக்கலா இருக்கற ஃபைல் கொஞ்சம் நகரத்தான் செய்யும், அத மறைக்காம மொதல்லயே சொல்லிடுங்க. வழி ஒண்ணுதான், யாராவது திருத்தப் போறாங்கன்னா வேர்டு ஃபைல், இல்லன்னா பிடிஎஃப். பிடிஎஃப் எடுக்கற பட்டன் டூல்பார்லயே இருக்கு, அத விரல வச்சு காட்டிடுங்க.

தோற்றம் எப்படி வேணும்ங்கறதுக்கு ஆளப் பாக்கணும். வியூ மெனுல யூசர் இன்டர்ஃபேஸ்னு இருக்கும், அதுல டேப்டுன்னு போட்டா வேர்டுல மேல பட்டன் பட்டனா வர்ற ரிப்பன் மாதிரியே வந்துடும். ஆனா எல்லாருக்கும் அதையே போடாதீங்க. ரிப்பன் வந்ததே ஆஃபீஸ் 2007ல, அதுக்கு முன்னாடி டைப்பிங் கத்துக்கிட்டவங்களுக்கு பழைய மெனுதான் கைவந்தது, அவங்களுக்கு லிப்ரெஆஃபீஸ் இயல்பா வர்ற தோற்றமே புதுசா வந்த வேர்ட விட சுலபமாப் படும். எங்க அத்தை அந்த ரகம்தான். நான் மொத தடவ டேப்டு போட்டுக் கொடுத்ததே தேவயில்லாத வேல.

ஃபோட்டோ விஷயத்துல ஒரு வேண்டுகோள், ஃபோட்டோவ வெட்டி சின்னதாக்கற வேலைக்கு ஜிம்ப்ங்கற பெரிய ஃபோட்டோ எடிட்டர கொடுக்காதீங்க. ஜிம்ப் நல்ல சாமான், ஆனா 2012ல வந்த 2.8ல இருந்து அதுல சேவ்னா அதோட சொந்த எக்ஸ்சிஎஃப் ஃபார்மட்டுக்கு மட்டும்தான், ஜேபெக் வேணும்னா எக்ஸ்போர்ட்னு தனியா போகணும். லேயர் வச்சு வேல பாக்கறவங்களோட உழைப்பு தெரியாம அழிஞ்சிடக் கூடாதுன்னு வச்ச ஏற்பாடு அது, காரணம் நியாயமானதுதான், ஆனா ஒரு பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோவ வெட்டிட்டு சேவ் அமுக்கறவங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், அப்லோட் பண்ற இடத்துல ஃபைலே ஏத்துக்கலன்னு உக்காந்திருப்பாங்க. லினக்ஸ்ல ஜிதம்ப் மாதிரி ஒரு சின்ன ஆப் போதும், வெட்டறது, அளவு மாத்தறது, திருப்பறது எல்லாம் அதுல இருக்கு. விண்டோஸ்னா கூடவே வர்ற ஃபோட்டோஸ் ஆப்லயே வெட்டலாம், அத அப்படியே விட்டுடுங்க. வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு பெரிய கருவி கொடுங்க, அதுக்கு மேல வேண்டாம்.

பேர் ஒரு பெரிய தடை, நமக்கு பழகிட்டதால தெரியறதில்ல. ஓக்குலர்னா பிடிஎஃப் படிக்கறதுன்னு யாருக்குத் தெரியும்? க்னோம்ங்கற லினக்ஸ் டெஸ்க்டாப்ப செய்யறவங்க இத உணர்ந்துதான் நாட்டிலஸ்ங்கறத "ஃபைல்ஸ்"னும், எவின்ஸ்ங்கறத "டாக்குமென்ட் வியூவர்"னும் மெனுல காட்டறாங்க. அதே வேலைய நீங்களும் செய்யலாம், டெஸ்க்டாப்ல இருக்கற ஷார்ட்கட் பேர மாத்திடுங்க. "லெட்டர் எழுத", "ஃபோட்டோ வெட்ட", "ஸ்கேன் எடுக்க" அப்படின்னு. ரெண்டு நிமிஷ வேல, ஆனா பாதி ஃபோன் கால் இதுலயே குறைஞ்சது எனக்கு. ஐகான் ஆறு ஏழுக்கு மேல வேண்டாம், மத்தத மெனுலயே விட்டுடுங்க. மெனு எந்த மொழில இருக்கணும்ங்கறத அவங்ககிட்டயே கேளுங்க. புதுசா கத்துக்கறவங்களுக்கு தாய்மொழில இருந்தா சுலபம், ஆனா பல வருஷமா "சேவ்"னு பாத்துப் பழகினவங்களுக்கு திடீர்னு "சேமி"ன்னு வந்தா அதத் தேடவே நேரம் ஆகும். அவங்க எந்த கீபோர்டு முறைல டைப் பண்றாங்களோ அதே முறைய போட்டு, நாலு வரி அடிச்சுக் காட்டச் சொல்லிட்டு வாங்க.

இப்ப இந்த மொத்த வேலைலயும் நான் ரொம்ப முக்கியமா நெனக்கற இடம். ஆப் போட்டாச்சு, மவுஸ அவங்ககிட்ட கொடுத்துட்டு நீங்க கையக் கட்டிக்கிட்டு பக்கத்துல உக்காருங்க. வேல ஒண்ணு சொல்லுங்க, "இந்த லெட்டர்ல தேதிய மாத்தி பிடிஎஃபா எனக்கு மெயில் பண்ணுங்க"ன்னு. எங்க கிளிக் பண்ணணும்னு சொல்லாதீங்க. மனசுல என்ன ஓடுதோ அத வாய்விட்டு சொல்லச் சொல்லுங்க. அவங்க தடுமாறறப்ப உங்க கை தானா மவுஸுக்குப் போகும், போக விடாதீங்க, ஒரு நிமிஷம் பொறுங்க. அந்த ஒரு நிமிஷத்துல நீங்க பாக்கறதுதான் தங்கம். எங்க தேடறாங்க, எந்த வார்த்தையத் தேடறாங்க, எதப் பாத்து பயப்படறாங்க, வேல முடிஞ்சும் முடிஞ்சதான்னு தெரியாம நிக்கறாங்களா, இதெல்லாம் ஒரு பேப்பர்ல அவங்க சொன்ன வார்த்தையிலயே குறிச்சுக்கோங்க. மொதல்லயே ஒண்ண சொல்லிடுங்க, "நான் உங்கள சோதிக்கல அத்தை, இந்த ஆப்பத்தான் சோதிக்கறேன், நீங்க எங்க நிக்கறீங்களோ அங்க அதுலதான் ஏதோ சரியில்ல"ன்னு. இதக் கேட்டதும் அவங்க முகத்துல ஒரு நிம்மதி வரும் பாருங்க. அதுவரைக்கும் தனக்குத்தான் அறிவு போதலன்னு நெனச்சிட்டிருப்பாங்க.

இது நான் கண்டுபிடிச்ச வழி இல்ல. 2001ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ங்கற கம்ப்யூட்டர் கம்பெனி க்னோம் டெஸ்க்டாப்ப இப்படித்தான் ஆளுங்கள உக்கார வச்சு சோதிச்சாங்க, அடுத்த வருஷம் க்னோம் தன்னோட இன்டர்ஃபேஸ் வழிகாட்டி விதிகள வெளியிட்டுச்சு, அந்த சமயத்துல வந்த க்னோம் 2ல செட்டிங்ஸ் எவ்வளவோ குறைஞ்சு எளிமையாச்சு. ஒரு சாமான் பயன்படுத்த சுலபமான்னு ஆராயற நிபுணர் யாக்கப் நீல்சன் 2000லயே எழுதினார், அஞ்சு பேர உக்கார வச்சுப் பாத்தாலே பெரும்பாலான பிரச்சன தெரிஞ்சிடும்னு. உங்க வீட்ல ரெண்டு பேர் இருந்தாலே நெறைய தெரியும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, கட்டற்ற மென்பொருள் எழுதறவங்க பெரும்பாலும் தங்களுக்குத் தேவப்பட்டத எழுதறாங்க, பக் ரிப்போர்ட் (மென்பொருள்ல இருக்கற குறையச் சொல்ற அறிக்கை) போடறவங்களும் அவங்கள மாதிரியே விவரம் தெரிஞ்சவங்க, ரெண்டு பேருக்கு ஒரு விஷயத்துல ஒத்து வரலன்னா "சரி ஒரு ஆப்ஷனா வச்சிடலாம்"னு செட்டிங்ஸ்ல இன்னொரு டிக் சேந்துடும். சிரமப்பட்ட சாதாரண ஆளு என்ன பண்ணுவாங்க? எங்க அத்தை பண்ண மாதிரி சத்தமில்லாம விட்டுட்டுப் போய்டுவாங்க. அவங்க போனது அந்த டெவலப்பருக்கு எப்பவுமே தெரியாது. அவங்களயும் தெரிஞ்சு, அந்த ரிப்போர்ட் போடற பக்ஸில்லா சைட்டையும் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான், நீங்க எழுதலன்னா வேற யாரும் எழுதப் போறதில்ல.

எழுதறது எப்படின்னா, ஹெல்ப் மெனுல அபௌட் போய் வெர்ஷன் நம்பர எடுத்துக்கோங்க, ஏற்கனவே யாராவது சொல்லியிருக்காங்களான்னு தேடுங்க, இருந்தா அதுலயே உங்க அனுபவத்த சேருங்க. புதுசுன்னா ஒரு பிரச்சனைக்கு ஒரு ரிப்போர்ட், அதுல என்ன பண்ண நெனச்சாங்க, எந்தெந்த ஸ்டெப் போனாங்க, என்ன வரும்னு எதிர்பாத்தாங்க, என்ன வந்துது, ஸ்க்ரீன்ஷாட் ஒண்ணு. "இந்த இன்டர்ஃபேஸ் மோசம்"னு எழுதினா அத வச்சு அவங்க எதையும் செய்ய முடியாது, "இருபது வருஷமா டைப் பண்ற ஒருத்தங்க பக்க நம்பர் போடறதுக்கு ஃபார்மட் மெனுல மூணு தடவ தேடினாங்க, இன்சர்ட் மெனுக்கு போகவே இல்ல"ன்னு எழுதினா செய்யலாம். சம்பளமில்லாம ராத்திரி உக்காந்து எழுதறவங்க நெறைய பேர், அந்த மரியாதையோட எழுதுங்க. மாறாதுன்னும் நெனக்காதீங்க. பிளெண்டர்ங்கற 3டி படம் செய்யற ஆப்ல வருஷக்கணக்கா ரைட் கிளிக்லதான் ஒரு பொருள செலக்ட் பண்ணணும்னு இருந்துது, புதுசா வந்தவங்க எல்லாரும் மொத நிமிஷத்துலயே முட்டிக்குவாங்க, 2019ல வந்த 2.80ல லெஃப்ட் கிளிக்க டீஃபால்ட் ஆக்கிட்டாங்க.

ஆப்ஸெல்லாம் பழகி மூணு நாலு மாசம் ஆச்சுன்னா ஓஎஸ் பத்தி யோசிக்கலாம். விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, விண்டோஸ் 11 டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் வேணும், மைக்ரோசாஃப்ட் லிஸ்ட்ல இருக்கற பிராசசர் வேணும்னு கேக்குது, அதனால நல்லா ஓடற மெஷின் எத்தனையோ வீட்ல அப்படியே நிக்குது. இவங்களுக்கு நான் போடறது லினக்ஸ் மின்ட்ங்கற லினக்ஸ் வகை, அதுல சின்னமன்ங்கற டெஸ்க்டாப். கீழ பேனல், இடது மூலைல மெனு, வலது மூலைல கடிகாரம், கைக்குப் பழகின அமைப்பு. ஆப்ஸும் ஏற்கனவே பழகினதேங்கறதால மாறினதா பெருசாத் தோணாது.

விண்டோஸ அழிக்கறதுக்கு முன்னாடி மின்ட்ட 8 ஜிபி பென் டிரைவ்ல போட்டு, இன்ஸ்டால் பண்ணாமயே லைவா ஓட்டிப் பாருங்க. வைஃபை, சவுண்டு, கேமரா, பிரிண்டர், அப்புறம் மூடிய மூடித் திறந்தா முழிச்சுக்குதான்னு, இந்த அஞ்சும் கண்டிப்பா. பென் டிரைவ்ல ஓடறப்ப மெதுவாத்தான் இருக்கும், அத அவங்ககிட்ட சொல்லிடுங்க. கொஞ்ச வருஷத்துக்குள்ள வாங்கின வைஃபை பிரிண்டர்னா பெரும்பாலும் டிரைவரே இல்லாம தானா வந்துடும். ஃபைலெல்லாம் ரெண்டு இடத்துல காப்பி எடுங்க. விண்டோஸ்ல டிஸ்க்க பூட்டி வைக்கற பிட்லாக்கர் ஆன்ல இருந்தா பூட் செட்டிங்ஸ தொடறதுக்கு முன்னாடியே அதோட ரிகவரி கீய எழுதி எடுத்துக்கோங்க, இத விட்டுட்டீங்கன்னா அவங்க விண்டோஸே திறக்காம நின்னுடலாம். இன்ஸ்டால் ஆனதும் மின்ட்லயே இருக்கற டைம்ஷிஃப்ட் ஆப்ல வாரம் ஒரு ஸ்னாப்ஷாட் வச்சிடுங்க, ஏதாவது அப்டேட்ல கெட்டுப் போனா பழைய நிலைக்குத் திருப்பலாம், ஆனா அது சிஸ்டம் ஃபைலுக்கு மட்டும்தான், சாதாரண அமைப்புல அவங்க ஃபோட்டோ, லெட்டரெல்லாம் அதுல வராது. அதுக்கு தனி பேக்கப் வேணும்.

டெர்மினல, அதாவது கமாண்ட டைப் அடிச்சு வேல வாங்கற கருப்புப் பெட்டிய, அவங்களுக்குக் காட்டவே வேண்டாம். ஃபோன்ல ஒரு கமாண்ட எழுத்தெழுத்தா சொல்லி அடிக்கச் சொல்றது, பாஸ்வேர்டு அடிச்சா திரைல ஒண்ணுமே தெரியாம அவங்க பதறறது, இதெல்லாம் நம்பிக்கைய ஒரே நாள்ல கெடுத்துடும். டெர்மினல் தேவப்படற வேலைன்னா நேர்ல போய் நீங்களே பண்ணுங்க, போக முடியாதுன்னா உங்க வீட்ல இருந்தே அவங்க மெஷின இயக்கற ரஸ்ட்டெஸ்க் மாதிரி ரிமோட் ஆப் முன்கூட்டியே போட்டு வச்சிருங்க, அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான். "ஃப்ரீயா கிடைக்கறதுதானே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க"ங்கற வார்த்தைய மட்டும் வாயில இருந்து வர விடாதீங்க. அவங்க நேரத்துக்கும் மதிப்பு இருக்கு.

அத்தைக்கு ரெண்டாவது தடவ இந்த வரிசைல போட்டுக் கொடுத்து இப்ப ஒரு வருஷம் தாண்டிடுச்சு. விஎல்சி, ஃபயர்ஃபாக்ஸ், நாலு மாசம் லிப்ரெஆஃபீஸ், அதுக்கப்புறம் மின்ட். லேப்டாப் மேல ஒரு நோட்டு கட்டி வச்சிருக்காங்க, எங்கயாவது நின்னா ஃபோன் பண்ணாம அதுல எழுதிடறாங்க, "ஸ்கேன் எடுத்தது எங்க போச்சுன்னு தெரியல", "பிரிண்டுல ரெண்டு பக்கம் எப்படி" இந்த மாதிரி. மாசம் ஒரு தடவ போறப்ப ரெண்டு பேரும் உக்காந்து அதப் பாக்கறோம், செட்டிங்ஸ்ல சரி பண்ண முடிஞ்சத அங்கயே பண்றேன், முடியாதத ரிப்போர்ட்டா எழுதறேன். போன மாசம் எழுதினதுல ஒண்ணுக்கு பதில் வந்திருக்கு, அடுத்த வெர்ஷன்ல மாத்தறாங்களாம், வந்ததும் அத்தையையே சோதிச்சுப் பாக்கச் சொல்லணும்.